யன்னற் கண்ணாடியும் அதனை வெட்டும் முறையும்

வீட்டுச் சாளரத்துக்குத் தமிழில் வழங்கிய பழைய பெயர்களுள் ஒன்று காலதர் என்பது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்தில் இச்சொல் ஆளப்பட்டுள்ளது. காற்று நுழையும் வழி என்னும் இப்பெயரே, பண்டைத் தமிழர் மனையிற் சாளரம் எதன்பொருட்டு அமைந்தது என்பதை உணர்த்தப் போதுமானது. ஈழத்தவர் இன்று வழங்கும் யன்னல் என்னும் சொல்லோ போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. சொல் மாறியவாறே பொருளும் மாறியது. காற்றுக்கு வழிவிடுவதற்கென அமைந்த துவாரம், காற்றையும் மழையையும் வேண்டும்போது மறித்து, ஒளியை மட்டும் உள்ளே விடும் ஒன்றாயிற்று. இம்மாற்றத்தை விளைத்தது கண்ணாடித் தட்டே.

வன்னிப் பெருநிலப்பரப்பில் இம்மாற்றம் பிந்தியே நிகழ்ந்தது. மண்சுவரும் கிடுகு வேய்ந்த கூரையுங் கொண்ட பழைய கமக்காரர் வீடுகளிற் கண்ணாடிக்கு வேலையில்லை. கல்வீடுகள் பெருகியபோது கண்ணாடி யன்னல்களும் பெருகின. ஆயினும் அவ்வீடுகளுட் பல போரினால் அழிந்தன. 2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிவுற்றபின், இடம்பெயர்ந்த மக்கள் தத்தம் ஊர்களுக்கு மீண்டபோது, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் கூரையுங் கதவும் யன்னலும் ஒருங்கே எஞ்சிய வீட்டைக் காண்பது அரிதாயிருந்தது. 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி தொடங்கப்பெற்ற இந்திய வீடமைப்புத் திட்டத்தின் பெரும்பகுதி, உரிமையாளரே முன்னின்று கட்டும் முறையைக் கைக்கொண்டது. குடும்பம் ஒன்றுக்கு 550,000 ரூபா பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. அத்திவாரம் முதற் கூரை ஈறாக அனைத்தையும் வீட்டுக்குரியவரே மேற்பார்த்து முடிக்க வேண்டியிருந்தமையால், கொத்து வேலையும் தச்சு வேலையும் ஓரளவேனும் அறிந்தவர் தொகை பெருகியது.

வீடு கட்டும் செலவிற் கதவும் யன்னலும் கடைசியிலேயே வருவன. பின்னர் கண்ணாடி உடைந்தாலும் அதனை மாற்றும் வேலை தள்ளிப்போடப்படுவது இயல்பு. துவாரத்தைப் பலகையால் அடைத்தால் அறை இருளடையும். பிள்ளைகள் பகலிலும் விளக்கின்றிப் படித்தல் அரிதாகும். அடையாது விட்டால் மாரிக்காலத்து வாடைக்காற்றோடு மழைச்சாரலும், சோளகக்காற்றோடு புழுதியும் உட்புகும். 2018ஆம் ஆண்டு டிசெம்பரிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்ததையும், 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆந் திகதி இரவிற் புரெவிப் புயல் கீழைக்கரையிற் புகுந்து வன்னியூடாகச் சென்றதையும் நினைந்தால், யன்னல் அடைபட்டிருப்பதன் அருமை புலப்படும். பட்டினத்தில் வெட்டுவித்த கண்ணாடியை உட்கிராமத்துக்குப் பேருந்தில் உடையாமற் கொண்டுசெல்வது எளிதன்று. கொண்டுசென்றபின் அளவு பிழைத்ததெனின் அச்செலவும் வீணாம். ஆதலின், இதனை வீட்டிலேயே வெட்டிப் பொருத்தும் முறையையும், அம்முறைக்கு அடிப்படையான நியாயத்தையும் அறிந்துகொள்ளுதல் பயனுடைத்து.

கண்ணாடியின் இயல்பு

யன்னற் கண்ணாடியின் நூற்றுக்கு ஏறக்குறைய 70 முதல் 74 பங்கு சிலிக்கா, அஃதாவது தூய வெண்மணலின் பொருள். எஞ்சியதிற் பெரும்பகுதி சோடாவுஞ் சுண்ணாம்புமாம். சோடா மணலை உருக வேண்டிய வெப்பத்தைக் குறைக்கும். சுண்ணாம்பு அவ்வாறு உருகி அமைந்த பொருள் நீரிற் கரையாதவாறு காக்கும். உருகிய இக்கலவை குளிரும்போது உப்பையோ கற்கண்டையோ போலப் பளிங்குருப் பெறுவதில்லை. அணுக்கள் ஒழுங்கற்றுக் கிடந்தவாறே இறுகிவிடும். மரத்துக்கு நார் உண்டு. பளிங்குகளுக்குப் பிளவுத் தளங்கள் உண்டு. கண்ணாடிக்கு இவையிரண்டும் இல்லை. எத்திசையிலும் ஒரே தன்மைத்தாகிய இப்பொருள், தன்னியல்பில் எவ்வழியாகப் பிளக்குமென்று முன்கூட்டிச் சொல்லல் இயலாது. அதற்கு வழிகாட்டுதலே கண்ணாடி வெட்டுவோன் செய்யுந் தொழில்.

கண்ணாடி இவ்விலங்கைத் தீவுக்குப் புதியதன்று. வன்னியின் மேலைக்கரையை அடுத்த மாந்தையில் 1980ஆம் ஆண்டு முதல் 1984 வரை நிகழ்ந்த அகழ்வாய்வுகளிற் கண்ணாடி மணிகள் கிடைத்தன. வடமேல் மாகாணத்துக் கிரிபாவையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கண்ணாடி உலைகளின் எச்சங்கள் காணப்பட்டன. ஆயினும் மணி செய்தல் வேறு. ஒளி ஊடுருவும் அகன்ற தட்டுச் செய்தல் வேறு. ஐரோப்பாவிற் கண்ணாடிக் குமிழை ஊதிச் சுழற்றி வட்டத் தட்டாக்கினர். நீண்ட உருளையாக ஊதிப் பிளந்து விரித்தனர். இருபதாம் நூற்றாண்டிற் பெல்சிய நாட்டவராகிய ஃபூர்கோ வகுத்த முறைப்படி உருகிய கண்ணாடியை நேரே தகடாக மேலிழுத்தனர். உருகிய வெள்ளீயத்தின்மீது கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமனாக்கும் முறையை இங்கிலாந்தில் அலஸ்ரெயர் பில்கிங்ரன் கண்டார். அஃது 1959ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இன்று கடைகளிற் கிடைக்கும் யன்னற் கண்ணாடி பெரும்பாலும் இம்மிதப்பு முறையால் ஆயதே. மிகப் பழைய யன்னல்களின் தட்டுகள் சிலவிடத்துத் தடித்தும் சிலவிடத்து மெலிந்தும் இருப்பதைக் கண்டு, கண்ணாடி காலப்போக்கிற் கீழ்நோக்கி வழிந்தது என்று கூறுவாருளர். அது பொருந்தாது. அவ்வேறுபாடு பழைய செய்முறையின் குறையேயன்றி வழிதலின் விளைவன்று.

வெட்டுதல் என்னும் பிளத்தல்

கண்ணாடியை நெருக்கும் விசைக்கு அது பெரிதும் ஈடுகொடுக்கும். இழுக்கும் விசைக்கோ எளிதில் உடையும். இதன் காரணத்தை இங்கிலாந்து அறிஞர் இருவர் விளக்கினர். ஒரு தகட்டிலுள்ள துளை நீண்டும் அதன் முனை கூர்ந்தும் இருக்குமளவுக்கு, அம்முனையில் இழுவைத் தகைப்புப் பன்மடங்கு செறியும் என 1913இல் இங்கிலிசு என்பார் கணித்துக் காட்டினார். கண்ணாடியின் உண்மை வலிமை, அணுக்களின் பிணைப்பைக் கொண்டு கணித்த வலிமையினும் மிகக் குறைந்திருப்பது ஏன் என்பதற்கு கிறிபித் என்பார் 1921இல் வெளிவந்த தம் கட்டுரையில் விடை கூறினார். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய வெடிப்புகள் கண்ணாடியின் மேற்பரப்பில் உள்ளன. உடைவு அவற்றிலிருந்தே தொடங்கும். வெடிப்பின் ஆழம் நான்கு மடங்கானால், அதனை விரிக்க வேண்டிய தகைப்பு அரைவாசியாகும் என்பது அவர் கோட்பாட்டின் முடிபு.

இவ்வுண்மையை அறியுமுன்னரே தொழிலாளர் இதனைக் கையாற் பயன்படுத்தினர். கருவி கண்ணாடியை முற்றாக அறுப்பதன்று. மேற்பரப்பில் ஒழுங்கான ஒரு மெல்லிய வெடிப்பை அது தோற்றுவிக்கின்றது. பின்னர் அக்கோட்டின் இருபுறமும் மெல்ல வளைத்தால், கோடிட்ட முகத்தில் இழுவை உண்டாகி, ஏனைய வெடிப்புகளினும் ஆழமான அவ்வெடிப்பு முதலில் விரிந்து, தட்டு அவ்வழியே இரண்டாகும்.

முன்னாளில் இதற்கு வைரமுனை பயன்பட்டது. இயற்கையில் வளைந்த விளிம்புடைய வைரமே கண்ணாடியைச் செவ்வனே வெட்டும் என்றும், கூர்முனை மட்டும் உடையது கீறுமேயன்றி வெட்டாது என்றும் வொலஸ்ரன் என்னும் அறிஞர் 1816இல் எழுதினார். 1869இல் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த சாமுவேல் மொன்சு என்பவர் சிறிய உருக்குச் சக்கரம் பொருத்திய வெட்டுகருவிக்கு உரிமை பெற்றார். இன்று கிடைக்குங் கருவிகளில் அச்சக்கரம் உருக்காலோ தங்குதன் காபைட்டாலோ ஆயது. விலை குறைந்த இக்கருவி ஒன்று ஒரு கிராமத்துக்கே போதும்.

அளவெடுத்தல்

முதலில் உடைந்த துண்டுகளையும் பழைய புட்டியையும் ஆணிகளையும் அகற்றி, யன்னற் சட்டத்தின் தவாளிப்பைத் துப்புரவாக்க வேண்டும். முதிரையோ பாலையோ போன்ற வன்மரத்தாற் செய்த சட்டமும் ஆண்டுகள் செல்லச் சற்றுக் கோணலாதல் உண்டு. ஆதலின் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்றிடத்திலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்றிடத்திலும் அளந்து, மிகக் குறைந்த அளவையே கொள்ளல் வேண்டும். மூலைக்கு மூலை அளந்த இரு குறுக்களவுகளும் சமமாயின் சட்டம் நேர். அன்றெனின் கடதாசியில் வடிவம் வெட்டிப் பார்த்தல் நன்று.

பெற்ற அளவிலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் கழிக்க வேண்டும். தவாளிப்பு 409க்கு 308 மில்லிமீற்றராயின், கண்ணாடி 406க்கு 305 மில்லிமீற்றர், அஃதாவது 16 அங்குலத்துக்கு 12 அங்குலம். வெயிலிற் கண்ணாடி விரிவதற்காகவே இவ்விடைவெளி என்று பலர் கருதுவர். 406 மில்லிமீற்றர்க் கண்ணாடி 30 பாகை செல்சியசு வெப்பம் ஏறினும் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்களவே நீளும். மாரியில் ஈரமுண்டு பருக்கும் மரத்துக்கும், சட்டத்தின் கோணலுக்குமாகவே இவ்விடைவெளி பெரிதும் வேண்டப்படும்.

தடிப்பையும் நோக்க வேண்டும். ஒரு சதுரமீற்றர்க் கண்ணாடி, தடிப்பு ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் 2.5 கிலோகிராம் நிறையுடையது. மேற்கூறிய தட்டு 3 மில்லிமீற்றர்த் தடிப்பாயின் ஏறக்குறைய 930 கிராமும், 4 மில்லிமீற்றராயின் 1.24 கிலோகிராமும் நிறுக்கும். சிறிய யன்னலுக்கு இவையிரண்டும் ஏற்றன.

வெட்டும் முறை

சமதளமான மேசையின்மீது சாக்கையோ தடித்த துணியையோ விரித்து, அதன்மேற் கண்ணாடியை வைத்து, வெட்டும் வழியைத் துடைத்துத் தூய்மையாக்க வேண்டும். மணற்றுகள் ஒன்று இருப்பினும் சக்கரம் அதில் ஏறிக் கோடு அறுபடும். நேரான அடிமட்டத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். சக்கரத்துக்கும் கருவியின் பக்கத்துக்கும் இடையே சில மில்லிமீற்றர் உண்டாதலின், அவ்வளவுக்கு அடிமட்டத்தை விலக்கி வைக்க மறத்தலாகாது. சக்கரத்தை மண்ணெண்ணெயில் தோய்த்துக்கொண்டால் அஃது இலகுவிற் சுழலும்.

எட்டிய விளிம்பினருகே தொடங்கி, ஒரே வேகத்திலும் ஒரே அழுத்தத்திலும் தன்பக்கம் இழுத்து வந்து, அண்மை விளிம்பில் முடித்தல் முறை. சரியாகக் கோடிடும்போது சீரான மெல்லிய ஒலி இடையறாது கேட்கும். வெண்டூள் பறந்தால் அழுத்தம் மிகுந்தது. ஒலி விட்டுவிட்டுக் கேட்டால் அழுத்தங் குறைந்தது. ஒரு கோட்டின்மீது சக்கரத்தை இருமுறை ஓட்டலாகாது. இரண்டாம் ஓட்டம் ஒழுங்கான வெடிப்பின் அயலிற் பல சிறு வெடிப்புகளைத் தோற்றுவித்துப் பிளவை வழிதவறச் செய்வதோடு, சக்கரத்தையும் மழுக்கும்.

கோடிட்டபின் காலந் தாழ்த்தாது உடைத்தல் வேண்டும். கோட்டின் நேர்கீழே தீக்குச்சி ஒன்றை வைத்து இருபுறமும் மெல்ல அழுத்தலாம். அல்லது கோடு மேசை விளிம்பின்மேற் பொருந்த வைத்து, புறத்தே நீண்ட பகுதியைக் கீழ்நோக்கி வளைக்கலாம். ஒடுங்கிய கீலமாயின் குறட்டாற் பற்றி வளைக்க வேண்டும். ஈரம் கண்ணாடி வெடிப்பை விரைந்து வளரச்செய்யும் என்பதை வீடர்கோண் என்னும் அறிஞர் 1967இற் பரிசோதனை வாயிலாக நிறுவினார்.

எல்லாக் கண்ணாடியும் இவ்வாறு வெட்டத்தக்கதன்று. வாகனங்களின் பக்க யன்னல்களுக்கு வழங்கும் வன்மையூட்டிய கண்ணாடியிற் புறம் நெருக்கலிலும் அகம் இழுவையிலும் இருப்பதால், வெட்ட முயன்ற கணத்தே அது முழுவதும் சிறு மணிகளாகச் சிதறும். நெடுநாள் வெயிலும் மழையும் பட்ட பழங்கண்ணாடியும் மேற்பரப்பிற் பல கீறல்கள் உடைமையால் எளிதில் வழிதவறும். புதிய தட்டை வெட்டுமுன், கழிவுத் துண்டுகளிற் பத்துமுறையேனும் கைப்பழக்கம் பெறுதல் செலவைக் குறைக்கும்.

பொருத்துதல்

மரத் தவாளிப்புக்கு முதலில் எண்ணெயோ நிறமையோ பூச வேண்டும். வறண்ட மரம் புட்டியின் எண்ணெயை உறிஞ்சிவிடும். சுண்ணத்தூளை ஆளிவிதை எண்ணெயிற் பிசைந்து ஆக்கியதே பழைய முறைப் புட்டி. தேங்காயெண்ணெயையோ இலுப்பெண்ணெயையோ இதற்குக் கொள்ளலாகாது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடி இறுகுவது. ஏனைய இரண்டும் அவ்வாறு இறுகா. தவாளிப்பில் மெல்லிய புட்டிப் படை இட்டு, அதன்மேற் கண்ணாடியை வைத்து, நடுவில் அன்றி விளிம்புகளில் மட்டும் அழுத்த வேண்டும். சிறு ஆணிகளைக் கண்ணாடியை முட்டாது அதனோடு சார்ந்தாற்போல் மரத்தில் அடித்து, மேலே புட்டியைச் சாய்வாக இழைத்தால் மழைநீர் தேங்காது வழிந்தோடும். மேற்றோல் இறுகியபின் நிறமை பூசுக. மரப்பட்டி அடித்தும் கண்ணாடியை நிறுத்தலாம்.

காவல்

இவ்வேலையிற் பிழைத்தால் வீணாவது கண்ணாடி மட்டுமன்று. கைவிரலின் நரம்பும் தசைநாரும் ஒரு கணத்தில் அறுபடலாம். கமத்தொழிலையே நம்பி வாழ்வோருக்கு அது வாழ்நாள் முழுவதும் நீளுங் குறை. கண்ணுக்குக் காப்பும், கைக்குத் தடித்த உறையும், காலுக்குச் சப்பாத்தும் அணிதல் வேண்டும். பிள்ளைகள் அருகே நிற்றலாகாது. விழுகின்ற கண்ணாடியைப் பிடிக்கக் கை நீட்டாது விலகிவிடல் வேண்டும். ஆழமாக வெட்டுண்டால் தூய துணியால் இறுக அழுத்தி வைத்தியசாலைக்குச் செல்க. காயத்திற் புதைந்த துண்டைத் தானே பிடுங்கலாகாது. ஏற்புவலிக்குரிய தடுப்பூசி பற்றி அங்கே கேட்டறிதல் வேண்டும்.

வெட்டிக் கழித்த துண்டுகளையும் பொடியையும் வளவின் மூலையிலோ வாய்க்கால் ஓரத்திலோ எறிதல் பெருந்தவறு. வெறுங்காலோடு வயலில் இறங்குவோர் வாழும் நாடு வன்னி. மழைவெள்ளம் துண்டுகளை அடித்துச் சென்று சேற்றிற் புதைத்தால், அவை மக்காது பல தலைமுறைக்கும் கிடக்கும். தடித்த கடதாசியிற் சுற்றித் தகரத்தில் இட்டு மூடி, அடையாளமிட்டு, கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்தலே தக்கது.

ஒரு தட்டைக் கண்ணாடியைப் பொருத்துவது சிறு வேலையே. ஆயினும் இறுகிய மணலின் இயல்பையும், எண்ணெயின் இயல்பையும், மரத்தின் இயல்பையும், ஊரின் மழையையுங் காற்றையும் ஒருங்கே அறிந்தவருக்கே அது திருத்தமாகக் கைகூடும். கிராமந்தோறும் இவ்வேலை அறிந்தார் இருவர் மூவர் உளராயின், உடைந்த யன்னல்கள் பலகையடித்து இருண்டு கிடவா. மாரி பெய்யும் பகலிலும் அவ்வீடுகளிற் பிள்ளைகள் யன்னலோரத்தில் இருந்து படிக்கலாம்.