டிக்கிக்குள் ஒரு தறி!

போன வருஷம் ஒரு சுபயோக சுபதினத்தில் என் கார் டிக்கியில் சப் வூஃபர் குடியேறியது. அன்றைக்கே சுபமும் யோகமும் வீட்டை விட்டு வெளியேறின.

கார் என்றதும் பொறாமைப்பட வேண்டாம். மூன்று கை மாறி என்னிடம் வந்து சேர்ந்த கிழட்டு வண்டி. சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி ஆபீசுக்கு நாலு பேர் பெட்ரோல் காசைப் பங்கு போட்டுக்கொண்டு போய் வருகிறோம். வழித்துணைக்கு இளையராஜா. ஒரு நாள் பின் ஸீட்டு நண்பர் சும்மா இருக்காமல், "என்ன பாஸ், ராஜா பாட்டுல பேஸ் கிடாரையே காணோம்?" என்று கேட்டு வைத்தார்.

நியாயமான கேள்வி. பேஸ் கிடாரின் தடித்த கம்பி தரும் அடி ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 41 அதிர்வு. கதவில் பதித்த உள்ளங்கை அகல ஸ்பீக்கருக்கு அது எட்டாத பள்ளம்.

அந்த மாதச் சம்பளத்தில் துண்டு விழுந்தது. பத்து இஞ்ச் சப் வூஃபர், ஆம்ப்ளிஃபையர், ஒயர் எல்லாம் வாங்கியாயிற்று. பெட்டிதானே, அது என்ன பெரிய சமாசாரம் என்று தெரு ஆசாரியிடம் விட்டேன்.

"என்ன அளவுல தம்பி?"

"டிக்கில இடத்தை அடைக்கக் கூடாது. சின்னதா, அழகா இருக்கணும்."

மிச்சம் கிடந்த 6 மி.மீ. பிளைவுட்டில் சின்னதாக, அழகாகச் செய்து கொடுத்தார். மாட்டினேன். ஆம்ப்ளிஃபையர் திருகைக் கடைசி வரை திருப்பினேன். நம்பர் பிளேட் ஆடியது. பின் கண்ணாடி ஆடியது. எதிர்வீட்டுக் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பேஸ் கிடார் மட்டும் வரவில்லை. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே "தொம்... தொம்...".

அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். முப்பது வருஷம் விசைத்தறியில் நின்று சேலை நெய்தவர். காது கொஞ்சம் மந்தம். "சாப்பிட்டாச்சாப்பா?" என்றால், "ஆமா, மேகம் கூடியிருக்கு" என்பார். வயசு என்று நாங்கள் விட்டுவிட்டோம். அவருக்கே இது கேட்டிருக்கிறது.

"ஏல, டிக்கிக்குள்ள தறி போட்டிருக்கியா?"

ஒரே வரி விமர்சனம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சியிடம் ஓடினேன். ஆடித் தபசுக்கு ஊரெல்லாம் ஸ்பீக்கர் கட்டித் தழும்பேறியவர். பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இது பெட்டியா, பலகார டப்பாவா?"

ஸ்பீக்கரைக் கழற்றி, வெறுமனே மேஜைமேல் வைத்துப் பாட்டுப் போட்டார். ஆச்சரியம்! 'தொம்' கூட இல்லை, வெறும் கரகரப்பு. பிறகு பெரிய பலகையில் வட்ட ஓட்டை போட்டு, அதில் ஸ்பீக்கரை வைத்து அழுத்திப் பிடித்தார். எங்கிருந்தோ பேஸ் எட்டிப் பார்த்தது.

"கூம்பு முன்னால காத்தத் தள்ளும்போது பின்னால இழுக்கும். முன் அலையும் பின் அலையும் சந்திச்சா ஒண்ணை ஒண்ணு தின்னுரும். நடுவுல சுவர் வேணும். அந்தச் சுவர்தான் தம்பி பெட்டி."

எங்கள் ஊர்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜாக்கள் மல்லுக்கு நிற்க, கோமதியம்மன் தவமிருந்து இருவரையும் ஒரே உருவமாக, சங்கரநாராயணராகக் கண்டாள். சாமி விஷயத்தில் இரண்டும் ஒன்று சேர்ந்தால் மோட்சம். சப் வூஃபர் விஷயத்தில் சேர்ந்தால் நாசம்!

"அப்போ சின்னப் பெட்டியும் சுவர்தானே அண்ணாச்சி?"

"சுவர்தான். ஆனா உள்ள அடைபட்ட காத்து ஒரு ஸ்பிரிங். பெட்டி சின்னதானா ஸ்பிரிங் விறைக்கும். கூம்பு அசைய முடியாது. ஸ்பீக்கரோட ஒரு காகிதம் வந்திருக்குமே, எங்க?"

அம்மா அதை அலமாரித் தட்டில் விரித்துப் பருப்பு டப்பா வைத்திருந்தாள். மீட்டு வந்தேன்.

மூடிய பெட்டிக் காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தலாம் என்று காட்டியவர் எட்கர் வில்சர் என்ற அமெரிக்கர். 1954-ல் அவர் கொண்டுவந்த சின்ன ஸ்பீக்கர், அதுவரை பீரோ சைஸ் பெட்டிகளில் மட்டும் கேட்ட பேஸைப் புத்தக அலமாரிக்குக் கொண்டுவந்தது. பெட்டி அளவை முன்கூட்டியே கணக்குப் போட வழி சொன்னவர்கள் இருவர்: ஆஸ்திரேலியரான நெவில் தீல் 1961-லும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும். காகிதத்தில் இருப்பவை அவர்கள் பெயரால் வழங்கும் எண்கள்தான்.

என் ஸ்பீக்கருக்கு மூன்றே எண் போதும். அதன் சொந்த அதிர்வு 30 ஹெர்ட்ஸ். 'கியூ' 0.5. அதன் தொங்கலுக்குச் சமமான காற்று 40 லிட்டர். 'கியூ' என்பது ஊஞ்சல் கணக்கு: ஒரு தள்ளுத் தள்ளினால் சட்டென்று நிற்கிறதா, ஆடிக்கொண்டே இருக்கிறதா என்பது. பெட்டியில் உட்கார்ந்த பிறகு அது 0.7 பக்கம் இருந்தால் உத்தமம்.

இனி ஐந்தாம் வகுப்புக் கணக்கு. 0.707-ஐ 0.5-ஆல் வகுத்தால் 1.414. அதை அதனாலேயே பெருக்கினால் 2. ஒன்றைக் கழித்தால் 1. 40-ஐ 1-ஆல் வகுத்தால் 40 லிட்டர். அவ்வளவுதான் பெட்டி! அதில் ஸ்பீக்கரின் அதிர்வு 30-லிருந்து 42 ஹெர்ட்ஸுக்கு ஏறும். பேஸ் கிடாரின் அடிக் கம்பிக்குப் பக்கத்து வீடு.

'சின்னதா, அழகா' பெட்டியை அளந்தேன். காந்தம் அடைத்த இடம் போக 13 லிட்டர். அதில் 'கியூ' 1. அதிர்வு 60 ஹெர்ட்ஸ். அடி ஸ்வரமெல்லாம் இளைத்துப்போய், 80, 90 பக்கம் ஒரு மேடு. போதாததற்குப் பலகையும் சேர்ந்து பாடியிருக்கிறது. பாவம் ஆசாரி. தப்பு அளவு சொன்னவன் நான்.

"வில்லுப்பாட்டுக் குடம் பார்த்திருக்கியா?" என்றார் அண்ணாச்சி. "வாயில மட்டையால அடிச்சா 'கும்'முனு வருமே, அது மாதிரி பெட்டியில குழாய் வச்சும் செய்யலாம். சத்தம் கூட வரும். ஆனா பெட்டி பெருசாகும், குழாய் நீளம் தப்பினா கோவிந்தா. உனக்கு மூடின பெட்டி போதும். மிச்சத்தைக் காரே பாத்துக்கிடும்."

கார் எப்படிப் பார்த்துக்கொள்ளும்? 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 8.6 மீட்டர். காரின் உள்பக்கம் மூன்று மீட்டர்கூட இல்லை. அலை விரிய இடமில்லாததால், ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே கார் முழுவதும் மொத்தமாக அழுத்தம் ஏறி இறங்குகிறது. பேஸ் கூடிக் கேட்கிறது. மூடிய பெட்டி கீழ் ஸ்வரங்களைக் குறைக்கும். கார் அதைத் திருப்பிக் கொடுக்கும். வீட்டு ஹாலில் கிடைக்காத சலுகை இது.

இரண்டாவது பெட்டிக்கு 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை. உள் அளவு 50 x 34 x 24 செ.மீ. காந்தத்துக்கு ஒரு லிட்டர் போக நிகரம் 40. மூட்டெல்லாம் ஃபெவிகால், ஸ்க்ரூ, உள்ளே சிலிக்கான் பூச்சு. காற்றுக் கசிகிறதா என்று பார்க்க, மெல்ல பேஸ் ஓடவிட்டு மூட்டு ஓரமாக ஊதுபத்தி காட்ட வேண்டும். புகை சிலிர்த்தால் அங்கே ஓட்டை. பெட்டியைக் காரோடு இறுக்கிக் கட்டுவது முக்கியம். சடன் பிரேக்கில் அது முன் ஸீட்டுக்கு வர ஆசைப்படும். பாட்டரியிலிருந்து வரும் ஒயரில், பாட்டரிக்கு ஒரு முழத்துக்குள் ஃப்யூஸ் அதைவிட முக்கியம். இல்லாவிட்டால் பாட்டோடு தீபாராதனையும் ஆகிவிடும்.

பலகையைப் பிடித்துக்கொள்ள அப்பாதான் வந்தார். எல்லாம் முடிந்து, சப் வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாதபடி வடிகட்டி வைத்து, அவரை முன் ஸீட்டில் உட்கார்த்திப் பாட்டுப் போட்டேன். பேஸ் கிடார் ஒவ்வொரு ஸ்வரமாகத் தனித்தனியே நடந்து வந்தது. நம்பர் பிளேட் அசையவில்லை. அப்பாவின் விரல் தொடையில் தாளம் போட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பாட்டு முடிந்ததும் கேட்டார்: "அடி நல்லாருக்குல. ஆமா, பாடுதவன் என்ன சொல்லுதான்?"

இருபது வருஷமாக அவரும் நானும் சேர்ந்து கேட்ட பாட்டு அது.

மறுவாரமே திருநெல்வேலியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் ஒரு வரைபடம் எடுத்துக் காட்டினார். இடது ஓரத்தில், அடி ஸ்வரப் பக்கம், கோடு நன்றாகத்தான் இருந்தது. போகப்போகச் சரிந்து 4000 ஹெர்ட்ஸில் கிணறு. "தறிச் சத்தம்" என்றார் டாக்டர். ச, த, க போன்ற எழுத்துகளின் கூர்மை இருப்பது அந்தப் பக்கம்தான். அது போனால் பேச்சுக் கேட்கும், வார்த்தை புரியாது. போனது திரும்பாது. கருவி வைக்கலாம்.

ஸ்பீக்கரின் காகிதத்தைப் பருப்பு டப்பாவுக்கு அடியிலிருந்து மீட்ட எனக்கு, அப்பாவின் காதுக்கு ஒரு காகிதம் எடுக்க இத்தனை வருஷம் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து இன்னொரு கணக்கும் போட்டேன். 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு 8 மணி நேரம் இருக்கலாம்; ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் 'நியோஷ்' அமைப்பு சொல்லும் வரம்பு. 100 என்றால் 15 நிமிஷம்தான். திருநெல்வேலிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்பா வயிற்றுப் பிழைப்புக்காகக் காதைக் கொடுத்தார். நான் காசு கொடுத்து, தவணை கட்டி, அதையே செய்யப் பார்த்தேன்.

ஒரு கொசுறு. மூடிய பெட்டி தந்த அந்த வில்சர், பிற்பாடு காது கேட்கும் கருவி ஆராய்ச்சிக்குப் போனார். மெல்லிய ஒலியைத் தூக்கி, பெரிய ஒலியை அடக்கி, வேண்டிய பகுதிக்கு வேண்டிய அளவு கொடுக்கும் முறையை 1973-ல் வெளியிட்டார். யாரும் பயன்படுத்தட்டும் என்று காப்புரிமைகூட வாங்கவில்லை.

கருவி வைத்து முதல் முறையாக அப்பா காரில் ஏறினார். அதே பாட்டு. நான் பழக்க தோஷத்தில் வால்யூமைக் கூட்டினேன்.

"ஏல, சத்தத்தைக் குறை. பாட்டுக் கேக்கணும்."