அந்தி ஒளியில் அசையும் சிறகு

ஆறுமணிக் குருவி என்று தமிழிலே பெயர் பெற்ற பறவை ஒன்று உண்டு. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணியளவிற் குரல் கொடுப்பதால் வந்த பெயர் அது. இமயமலை அடிவாரப் பகுதிகளிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வரும் இப்பறவை, ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரையில் இலங்கையிலே தங்குகிறது. கண்டியில், தலதா மாளிகைக்குப் பின்புறமாக எழுந்து நிற்கும் உடவத்தகெலே காட்டிலும் அதனைக் காணலாம். பச்சை முதுகும், வெளிர்மஞ்சள் மார்பும், அடிவயிற்றிற் சிவப்பும் கொண்ட எழிலார்ந்த குருவி. ஆயினும், அது இரை தேடுவதோ மரநிழல் மண்டிய தரையிலே, சருகுகளுக்கு இடையிலே. வண்ணத்தை வாரி வழங்கிய இயற்கை, அதைக் காட்டும் ஒளியை மட்டும் மறைத்துக்கொண்டது போலும்!

புகைப்படக்காரரின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. ஒளி குறைந்த இடத்திலே கமராவின் வில்லையை அகலத் திறக்கலாம். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஒளியை உணரும் திறனை உயர்த்தலாம். இதிலே இன்றைய டிஜிற்றல் கமராக்கள் பழைய பிலிம்களைப் பன்மடங்கு விஞ்சிவிட்டன. எனினும் அளவு மீறினால் மணல் தூவியது போலப் படமெங்கும் புள்ளிகள் படரும். எஞ்சிய வழி, ஷட்டர் என்னும் மூடுதிரையைக் கூடிய நேரம் திறந்து வைப்பதே. அந்த நேரத்திற் பறவை அசையாதிருக்குமா?

ஒரு கணக்கைப் பார்ப்போம். செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்திற் பறக்கும் கொக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஷட்டர் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் கொக்கு நகர்வது ஒரு சென்றிமீற்றர். பத்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தாலோ, அது ஒரு முழு மீற்றர் கடந்துவிடும். நண்பகலிலே முன்னதற்கு ஒளி போதும். கண்டியின் அந்தியிலே போதாது. மலை சூழ்ந்த நகரமாதலால் கதிரவன் முன்னதாகவே மறைகிறான். நிலநடுக்கோட்டை அண்டிய நாடாதலால் அந்தியும் நெடுநேரம் நீடிப்பதில்லை.

ஆகவே படம் கலங்குகிறது. நெடுங்காலமாக இக்கலக்கம் ஒரு குறையென்றே எண்ணப்பட்டது. பிரான்சு நாட்டு உடலியல் அறிஞர் மாரே 1882ஆம் ஆண்டில், துப்பாக்கி வடிவான கமரா ஒன்றைச் செய்து, செக்கனுக்கு 12 படங்கள் வீதம் பறக்கும் பறவைகளைப் பதிவு செய்தார். சிறகு எந்நிலையில் நின்றது என்பதை அறிவதே அவர் நாட்டம். அறிவியலுக்கு அது பெருந்தொண்டு. ஆனால் நிறுத்தப்பட்ட சிறகு பறத்தலின் ஒரு நிலையைக் காட்டுமேயன்றிப் பறத்தலைக் காட்டாது. வியன்னாவிற் பிறந்த எர்ன்ஸ்ட் ஹாஸ் என்னும் புகைப்படக் கலைஞர், 1956இல் ஸ்பெயின் நாட்டின் பம்ப்லோனா நகரிலே காளைப்போரைப் படம் பிடித்தபோது, வேண்டுமென்றே ஷட்டரை மெதுவாக இயக்கி, காளையும் வீரனும் வண்ண ஓட்டமாகக் கரையும்படி செய்தார். கலக்கமே அங்கு கலையாயிற்று.

இதைக் கேட்டவுடன், கை நடுங்கி எடுத்த படத்தையெல்லாம் கலையென்று நீட்டுவோரும் உளர். வேறுபாடு எளிது. கை நடுங்கினாற் கிளை, இலை, பறவை அனைத்தும் ஒருங்கே கலங்கும். பறவை மாத்திரம் அசைந்தாற் கிளை தெளிவாக நிற்கும். கண்ணுக்குப் பற்றிக்கொள்ள ஏதேனும் ஒன்று தெளிவாயிருந்தால்தான், மற்றதன் கலக்கம் அசைவாகப் பொருள்படும். ஆறுமணிக் குருவி இதற்கென்றே அமைந்தது எனலாம். உடலை அசைக்காமல் நின்று, குறுகிய வாலை மட்டும் மெல்ல மேலும் கீழும் ஆட்டுவது அதன் வழக்கம். முக்காலியிற் கமராவைப் பொருத்தி, எட்டில் ஒரு பங்கு செக்கன் திறந்தால், கண்ணும் அலகும் தெளிவாகவும் வால் புகை போலவும் பதியக்கூடும்.

கண்டி வாவியில் முறை வேறு. 1807ஆம் ஆண்டில் ஸ்ரீ விக்கிரம இராசசிங்க மன்னன் அமைத்த அவ்வாவியின் கரை மரங்களுக்கு மாலைதோறும் கொக்குகளும் நீர்க்காகங்களும் அடைய வருகின்றன. கால்களை ஊன்றி நின்று, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி, பறவையோடு கமராவையும் நகர்த்த வேண்டும். பொத்தானை அழுத்திய பின்னும் நகர்வை நிறுத்தலாகாது. அப்போது பறவையின் தலை தெளிவாகவும், கரையிலுள்ள விளக்குகள் கோடுகளாகவும், சிறகு விசிறி போலவும் அமையும். சிறகு மேலெல்லையிலும் கீழெல்லையிலும் ஒருகணம் தயங்கித் திரும்புவதால் அவ்விரு இடங்களிலும் பதிவு அழுத்தமாக விழுகிறது. இடைப்பட்ட வழி மெல்லிய திரையாகிறது. இருபது படங்களில் ஒன்று தேறினால் நன்று.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். வெண்கொக்கு, இருண்ட மலைச்சரிவின் முன்னே பறக்கையில் அதன் சிறகு ஒளிக்கீற்றாகப் பதியும். கரிய நீர்க்காகம் வெளிறிய வானத்தின் முன்னே பறந்தாலோ, சிறகு விலகிய இடத்தையெல்லாம் வானொளி நிரப்பிவிடுவதாற் சிறகே காணாமற்போகும்.

பறவையை இனங்காண்பதற்கு இத்தகைய படம் உதவாது என்பது மெய்யே. இலங்கைப் பறவைகளைப் பற்றி 1955இல் நூல் வெளியிட்ட ஹென்றி, அதற்கான ஓவியங்களைத் தாமே தீட்டினார். இறகின் அடையாளத்தைக் காட்ட அத்தகைய தெளிவு வேண்டும். ஆனால் அத்தெளிவை எவ்வாறாயினும் பெற்றுவிட வேண்டுமென்று, இருட்டிய வேளையிற் பிளாஷ் விளக்கைப் பறவைகள்மேல் வீசுவோர் செயல் ஏற்கத்தக்கதன்று. அடைந்த பறவைகள் திடுக்கிட்டுக் கலைந்தால், இருளிலே மறுபடியும் இடம் தேடி அலைய நேரும். கூட்டைவிட்டுத் தாய் எழுந்தால் முட்டையின் சூடு ஆறும். சுமார் 104 ஹெக்டயர் பரப்பே கொண்ட உடவத்தகெலேயைச் சுற்றிலும் நகரம் நெருங்கி நிற்கிறது. மெதுவான ஷட்டரோ இருக்கும் ஒளியை மட்டுமே கேட்கிறது. படம் எடுக்கப்பட்டதைப் பறவை அறிவதுமில்லை.