விசிறி சுழல்கிறது, காற்று செல்கிறதா?

காரியாபட்டி வட்டாரத்தில் பருத்தி பயிரிடும் நம் அன்பர் ஒருவருடைய சூரிய மின் பம்பு, சென்ற கோடையில் விசித்திரமான வழக்கம் ஒன்றை மேற்கொண்டிருந்தது. காலை முழுவதும் ஒழுங்காக நீர் இறைக்கும். வெயில் உச்சிக்கு ஏறி மின்சாரம் மிகுதியாகக் கிடைக்கும் வேளையில் நின்றுவிடும். பிற்பகலில் தானே மீண்டும் ஓடும். கிணற்றில் நீர் இருந்தும் பயிர் வாடியது. மோட்டாரைப் பழித்தவர் உண்டு. கிணற்றைப் பழித்தவரும் உண்டு. நாம் சென்று பார்த்தபோது கட்டுப்பாட்டுப் பெட்டியின் விசிறி இரைச்சலுடன் சுழன்றுகொண்டுதான் இருந்தது.

உடன் வந்த அருப்புக்கோட்டை நெசவாளர் ஒருவர் மெல்லிய நூல் இழை ஒன்றை எடுத்து, காற்று வெளியேற வேண்டிய துவாரத்தின் எதிரே வெளியில் தொங்கவிட்டார். இழை அசையவில்லை! பல்லியும் தூசியும் புகாதிருக்கட்டும் என்று, காற்று உட்புகும் வாயிலில் யாரோ கனத்த துணியைக் கட்டியிருந்தனர். துணியை நீக்கியதும் இழை எழுந்து ஆடிற்று. அன்று உச்சிவேளையில் பம்பு நிற்கவில்லை.

நாடாவில் ஊடை நூல் தீர்ந்த பின்னும் தறி ஆடும்; துணி வளராது. விசிறியின் கதையும் அதுவே.

கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-இல் எழுந்தது. சூரிய பம்புகளுக்கு மானியம் அளிக்கும் குசும் திட்டத்தை மத்திய அரசு 2019-இல் தொடங்கியது. இவ்வாறு நம் கரிசல் பூமிக்கு மின்னணுப் பலகைகளும் வந்து சேர்ந்துவிட்டன. பலகடுகளின் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கேற்ப மாற்றுகையில் இப்பலகைகள் சூடேறுகின்றன. அச்சூட்டைக் காற்று வாரிச் செல்லாவிடில், கருவி தன்னைக் காத்துக்கொள்ள ஓட்டத்தை நிறுத்துகிறது. பலகையிலுள்ள மின்பகுளி மின்தேக்கிகளுக்கு 10 டிகிரி வெப்பம் கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர் கொள்ளும் கணக்கு.

பல விசிறிகளில் மூன்றாவது கம்பி ஒன்று உண்டு. பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை அனுப்பும். விசிறி சுழல்வதை அது சொல்லும். பலகைமேல் காற்று செல்வதைச் சொல்லாது. அதை அறிய வேறோர் உபாயம் உள்ளது. தெர்மிஸ்டர் என்னும் கடுகளவு மணி, வெப்பத்திற்கேற்பத் தன் மின்தடையை மாற்றும் இயல்புடையது. இத்தகைய இரண்டைக் காற்று செல்லும் வழியில் வைத்து, ஒன்றை மட்டும் சிறு மின்சாரத்தால் சூடாக்குவர். மற்றது காற்றின் வெப்பத்தைக் காட்டும். கொதிக்கும் கஞ்சியை நாம் ஊதி ஆற்றுவதுபோல், காற்று வீசினால் சூடான மணி ஆறும். இரண்டுக்குமுள்ள வேறுபாடு குறையும். காற்று நின்றால் வேறுபாடு பெருகும். உடனே எச்சரிக்கை எழும். ஒற்றை வெப்பமானியை மட்டும் நம்பினால், காலைக் குளிர்ச்சியில் அடைப்பு மறைந்திருந்து நண்பகலில்தான் வெளிப்படும்.

சூடான கம்பியிலிருந்து காற்று எவ்வளவு வெப்பத்தைக் கவரும் என்பதை, கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயி வெசோ கிங் 1914-இல் வகுத்தார். காற்றினால் கவரப்படும் பங்கு, வேகத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. வேகம் நான்கு மடங்கானால் அப்பங்கு இரு மடங்காகும். ஆகவே மெல்லிய காற்றில்தான் இம்மணி மிகக் கூர்மையாக உணரும். காற்று நிற்கப்போவதை அறிய இதைவிட வேறென்ன வேண்டும்?

மணியை வைக்கும் இடத்தில்தான் சூட்சுமம். உயர்ந்த மின்தேக்கியின் பின்னால் வைத்தால் காற்றின் நிழலில் சிக்கிப் பொய் சொல்லும். விசிறியின் வாயிலேயே வைத்தால், பக்கத்து இடுக்கு வழியே காற்று தப்பியோடுவதை அறியாது. மிகச் சூடேறும் பாகத்தை ஒட்டி வைப்பதே முறை. பஞ்சுத் தூசி படிந்தாலும் மணி மந்தமாகும். தறிக்கூடங்களில் இதனை அடிக்கடித் துடைக்க வேண்டும்.

ஊதுபத்திப் புகையால் சோதிப்போரும் உளர். சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலை நடக்குமிடங்களில் அதை நினைக்கவும் கூடாது; நூலே போதும். நூலையும் பெட்டிக்கு வெளியிலேயே பிடிக்க வேண்டும். வெயில் உள்ளவரை பலகடுகளிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். அதனைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் சிறிது நேரம் தேங்கி நிற்கும். பெட்டியைத் திறப்பது தேர்ந்த மின்பணியாளரின் வேலை.