வியாழனின் நிலாக்கள் காட்டிய நேரம்

வியாழனும் சனியும் காலூன்ற நிலமில்லாத கோள்கள். பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும் திரண்ட உருண்டைகள். வியாழனின் குறுக்கே 11 பூமிகளை வரிசையாக வைக்கலாம். இவற்றின் நிலாக்களிலும் பெரியவை உண்டு. வியாழனின் கானிமீடும் சனியின் டைட்டனும் புதன் கோளைவிடப் பெரியவை.

வியாழனின் நான்கு பெரிய நிலாக்களைக் கலிலியோ 1610-இல் கண்டார். தாம்பரத்தில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் பைனாகுலரை அசையாமல் ஊன்றிப் பார்த்தால், வியாழனை ஒட்டி ஒரே கோட்டில் சிறு புள்ளிகளாக அவை தெரியும். அவற்றில் உட்புறமாகச் சுற்றுவது அயோ. 42½ மணி நேரத்துக்கு ஒருமுறை வியாழனின் நிழலுக்குள் புகுந்து மறையும்.

அந்த மறைவு எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் ஒரே கணத்தில்தான் நிகழும். உள்ளூர் நேரம்தான் ஊருக்கு ஊர் வேறு. அதே மறைவின் கிரீன்விச் நேரத்தோடு ஒரு மணி வித்தியாசம் என்றால் தீர்க்கரேகையில் 15 பாகை வித்தியாசம். வானில் தொங்கும் இந்தக் கடிகாரத்தை வைத்தே சென்னையின் இருப்பிடம் கணிக்கப்பட்டது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் ஆண்டுக்கணக்கில் இந்தக் கிரகணங்களைக் குறித்துவைத்தார். சென்னையின் தீர்க்கரேகை 80 பாகை 17 கலை 21 விகலை என்று கணிக்கப்பட்டது.

1802-இல் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏழரை மைல் தூரத்தைச் சங்கிலியால் அளந்து, வில்லியம் லாம்டன் தென்னிந்திய நில அளவையைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த இந்திய வரைபடங்களின் தீர்க்கரேகைகளுக்குச் சென்னையின் அந்த எண்ணே ஆதாரமாயிற்று.

பின்னாளில் தந்தி மூலம் நேரத்தை ஒப்பிட்டபோது அந்த எண் சுமார் 2 கலை 27 விகலை கூடுதல் என்று தெரிந்தது. தரையில் அது ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர். நேரத்தில் வெறும் 10 வினாடி. அயோ விளக்கை அணைத்ததுபோலச் சட்டென்று மறைவதில்லை. சில நிமிடங்களில் மெல்ல மங்குகிறது. கடைசி ஒளி எப்போது போனது என்பது தொலைநோக்கிக்குத் தொலைநோக்கி, கண்ணுக்குக் கண் மாறும். அந்த நிலையிலும் பிழையைப் பத்து வினாடிக்குள் அடக்கியது பெரிய சாதனைதான்.

1972 ஜூன் 7 அன்று கானிமீடு ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தது. ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தின் புதிய ஒரு மீட்டர் தொலைநோக்கி அதைப் பதிவுசெய்தது. விண்மீனின் ஒளி சட்டென்று அறுபடாமல் தேய்ந்து மறைந்ததால், கானிமீடுக்குக் காற்று மண்டலம் இருக்கலாம் என்று கருதினார்கள். அன்று நேரக் கணிப்பைத் தடுமாற வைத்தது போன்ற மங்கல், இங்கே தடயமானது. அப்போது கணித்த அழுத்தம் மிக அதிகம் என்று 1979-இல் வாயேஜர் விண்கலம் காட்டியது. ஆனாலும் கானிமீடின் மேல் மிக மெல்லிய ஆக்சிஜன் படலம் இருப்பதை 1990-களில் ஹப்பிள் தொலைநோக்கி கண்டறிந்தது.