சூரியன் ஒரு மின்குமிழா?

மின்னல் மின்சாரத்தின் செயலே என்பதை இன்று பாடசாலைச் சிறுவரும் அறிவர். அவ்வாறாயின், வானிலே காணும் ஏனைய ஒளிகளும் மின்சாரத்தால் விளைவன ஆகலாமன்றோ? இவ்வினாவை எழுப்பியோர் பலர். அவர்களுள் ஒருவர் வென்ற கதையையும் மற்றொருவர் தோற்ற கதையையும் இங்கு நோக்குவோம்.

முன்னவர் நோர்வே நாட்டுப் பௌதிகவியலறிஞர் கிறிஸ்தியன் பிர்க்கலண்ட். வடதுருவத்தை அடுத்த நாடுகளில், இரவு வானத்திலே திரைச்சீலைபோல அசையும் துருவ ஒளியை அவர் ஆராய்ந்தார். காற்றை அகற்றிய கண்ணாடிப் பெட்டியொன்றினுள் காந்தமேற்றிய சிறு கோளத்தை வைத்து, அதன்மீது கதோட்டுக் கதிர்களைச் செலுத்தினார். கோளத்தின் இரு துருவங்களையும் சூழ ஒளி வளையங்கள் தோன்றின. சூரியனிலிருந்து வரும் மின்னேற்றமுள்ள துணிக்கைகளே துருவ ஒளிக்குக் காரணமென்றும், விண்வெளியிலிருந்து பூமியின் காந்தப் புலக் கோடுகள் வழியே மின்னோட்டம் இறங்குகின்றதென்றும் 1908 இல் வெளியிட்ட நூலிலே கூறினார். சிட்னி சப்மன் முதலிய அறிஞர் இதனை ஏற்றிலர். அம்மின்னோட்டம் வளிமண்டலத்தினுள்ளேயே சுற்றுவதென்பது அவர்தம் கொள்கை. பிர்க்கலண்ட் 1917 இல் மறைந்தார். அரை நூற்றாண்டளவு கழிந்தபின், துருவப் பகுதிகளுக்கு மேலே பறந்த அமெரிக்கச் செய்மதியொன்று அம்மின்னோட்டத்தின் காந்த அடையாளங்களைப் பதிந்தமை 1966 இல் வெளியாயிற்று. அவை இன்று பிர்க்கலண்ட் மின்னோட்டங்கள் என்றே வழங்கப்படுகின்றன.

பின்னவர் ரால்ஃப் ஜூர்கன்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். எண்ணெயைத் தன்னகத்தே கொண்ட குத்துவிளக்குப் போன்றதன்று சூரியன். வெளியிலிருந்து வரும் மின்சாரத்தால் ஒளிரும் மின்குமிழ் போன்றதே அது என 1972 இல் அவர் உரைத்தார். வானியலார் கொள்கையோ, சூரியனின் நடுவே ஐதரசன் அணுக்கருக்கள் இணைந்து ஈலியமாகும்போது சக்தி பிறக்கின்றது என்பதாகும்.

இவ்விரண்டையும் சோதித்தறியலாம். சூரியன் மின்குமிழாயின், இலத்திரன்கள் பெருந்திரளாக அதனை நோக்கி விரைதல் வேண்டும். 1962 இல் மரினர் 2 என்னும் விண்கலமும், அதன்பின் சென்ற கலங்களும் கண்டதோ வேறு. நேரேற்றமும் எதிரேற்றமும் உடைய துணிக்கைகள் ஏறத்தாழச் சம அளவினவாய்ச் சூரியனிலிருந்து வெளியே வீசுகின்றன.

அணுக்கருக்கள் இணைவது உண்மையாயின், நியூத்திரினோ என்னும் நுண்துணிக்கைகள் இங்கு வந்து சேர்தல் வேண்டும். ரேமண்ட் டேவிஸ் அமெரிக்கப் பொற்சுரங்கமொன்றின் ஆழத்திலே அவற்றை எண்ணினார். கிடைத்தது எதிர்பார்த்ததில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. 1968 இல் வெளியான இக்குறைபாட்டை மின்சூரியக் கொள்கையினர் தமக்குச் சான்றாகக் கொண்டனர். அக்காலத்தில் அது நியாயமான வினாவே. ஆயின், வரும் வழியிலே நியூத்திரினோக்கள் தம் வகையை மாற்றுகின்றன என்பதைக் கனடாவின் சட்பரி ஆய்வுகூடம் 2001, 2002 ஆம் ஆண்டுகளில் காட்டியது. எல்லா வகைகளையும் கூட்டியபோது தொகை வானியலார் கணக்கோடு பொருந்திற்று. மின்சூரியக் கொள்கைக்கு இருந்த அச்சான்றும் நீங்கியது.

இருவரும் தம் காலத்து அறிஞரை எதிர்த்தே பேசினர். எதிர்த்தமையால் ஒருவர் வென்றாரல்லர், மற்றவர் தோற்றாரல்லர். அறிஞர் மறுத்த கருத்தொன்றை அளவீடு நிலைநாட்டியது. மற்றொன்றை அதே அளவீடு விலக்கியது. புதுக்கருத்தொன்றைக் கேட்கும்போது, அதனைச் சொன்னவர் யார் என்பதோடு நில்லாது, எந்த அளவீடு அதனைப் பொய்யாக்கக்கூடும் என்றும் நாம் வினவுதல் வேண்டும்.