மின்படகின் த்ராட்டிலுக்கு ஒரு பெட்டி

சிறிய மின்படகில் பேட்டரியும் கன்ட்ரோலரும் பெரும்பாலும் மூடிக்குள் இருக்கும். வெயிலும் உப்புத் தண்ணீரும் நேராக விழுவது த்ராட்டில் மேல்தான். அந்தக் கைப்பிடிக்குள் இருந்து காந்தத்தின் அசைவை உணரும் ஹால் சென்சார், சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 0.8 வோல்ட்டும் முழு வேகத்தில் 4.2 வோல்ட்டும் கன்ட்ரோலருக்கு அனுப்பும். 5 வோல்ட் முனைக்கும் சிக்னல் முனைக்கும் நடுவே உப்பு ஈரம் படர்ந்தால் சிக்னல் தானாக ஏறலாம். யாரும் தொடாமலே படகு கிளம்பிவிடும். படித்துறையில் ஆட்கள் ஏறி இறங்கும்போது இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பெட்டியை இறுக்கி மூடினால் போதாதா? போதாது. வெயிலில் உள்ளிருக்கும் காற்று 60 டிகிரி வரை சூடாகி, விரிந்து, ரப்பர் ஓரமாகக் கொஞ்சம் கசிந்து போகும். பிறகு அலை தெறித்து 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் உள்ளழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். ஒரு மீட்டர் ஆழத்து நீரின் அழுத்தம் அது. நீர் புகாமைக்கான ஐபி67 சோதனையில் பெட்டியை அரை மணி நேரம் அமிழ்த்தி வைப்பதும் அதே ஆழத்தில்தான். படகில் இது நாள்தோறும் நடக்கும். உறிஞ்சப்பட்ட நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும்.

அதனால் நீர் எப்படியும் வரும் என்று வைத்தே பெட்டியைச் செய்யுங்கள். அது கூரை மட்டுமே. அடியில் 6 மில்லிமீட்டர் வடிதுளை இருக்கட்டும். சென்சாரையும் சால்டர் செய்த இணைப்புகளையும் எப்பாக்ஸி ஊற்றி மூழ்கடித்துவிடுங்கள். காந்தம் வெளியே நெம்புகோலோடு திரும்பட்டும். காந்தப்புலம் பிளாஸ்டிக் சுவரைக் கடந்து போகும், ஆகவே தண்டுக்கென்று துளையே வேண்டாம். பக்கத்தில் இரும்புத் திருகு மட்டும் கூடாது. த்ரீ-டி பிரின்ட் என்றால் ஏஎஸ்ஏ நல்லது. பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளகும். கேபிள் கீழிருந்து நுழைய வேண்டும், அதற்கு முன் ஒரு வளைவு தொங்கவிட்டால் வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். வினிகர் வாடை வரும் சிலிகான் செம்பை அரிக்கும், வாங்காதீர்கள்.

கிரவுண்டு வயர் அறுந்தாலும் சிக்னல் 5 வோல்ட்டை நோக்கி ஏறலாம். எல்லை மீறிய வோல்ட்டேஜைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தும் கன்ட்ரோலராகப் பார்த்து வாங்குங்கள். அவசர நிறுத்தக் கயிறு, த்ராட்டிலை நம்பாமல் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும்.

படகில் பொருத்துமுன் ஒரு சோதனை. எப்பாக்ஸி இறுகிய சென்சாருக்குப் பவர் பேங்கிலிருந்து 5 வோல்ட் கொடுத்து, வயர் முனைகள் நனையாமல், வெயிலில் காய வைத்துக் குளிர்ந்த உப்புத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். சிக்னல் வயரில் மல்டிமீட்டரை வைத்து ஒரு மணி நேரம் கவனியுங்கள். எண் மெல்ல ஏறினால், முதலில் கேபிள் எப்பாக்ஸிக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள்.