ஏடிவி பராமரிப்பும் உத்தரவாத உரிமையும்

அமெரிக்கப் பண்ணைகளிலும் காட்டுப் பாதைகளிலும் ஓடும் ஏடிவி என்பது, அகன்ற டயர்களும், இருபுறமும் காலிட்டு அமரும் இருக்கையும், திருப்புவதற்குக் கைப்பிடியும் கொண்ட, சாலைக்கு வெளியே ஓட்டுவதற்கான வண்டியாகும். முன்பு விற்கப்பட்ட மூன்று சக்கர வகை எளிதில் கவிழ்ந்ததால், நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துடன் உற்பத்தியாளர்கள் 1988இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அதன் விற்பனை நின்றது. 2008ஆம் ஆண்டுச் சட்டம் புதிய மூன்று சக்கர வண்டிகளுக்குத் தடை விதித்ததோடு, நான்கு சக்கர வண்டிகளுக்கான பாதுகாப்புத் தரத்தையும் கட்டாயமாக்கியது. ஆயினும் அத்தரம் வண்டி விற்பனையாகும்போது அது இருக்க வேண்டிய நிலையைத்தான் வரையறுக்கிறது; பின்னர் அந்நிலையைக் காப்பது பராமரிப்பின் வேலை.

டயரின் காற்றழுத்தமே இதில் பெரிதும் அலட்சியப்படுத்தப்படுவது. ஏடிவி டயர்களுக்குப் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்குப் பத்து பவுண்டுக்கும் குறைவான அழுத்தமே போதும் என்பதால், கார் டயருக்குப் பொருட்டாகாத இரண்டு பவுண்டு வேறுபாடு இங்கே வண்டியை ஒருபக்கம் இழுக்கவும், சரிவில் கவிழ்க்கவும் காரணமாகலாம். கார்களுக்கான அளவுமானி இவ்வளவு குறைந்த அழுத்தத்தைத் துல்லியமாகக் காட்டாது. ஆகவே தாழ்ந்த அழுத்தத்துக்கென்றே செய்யப்பட்ட அளவுமானியால், டயர் சூடேறுவதற்கு முன் அளந்து, உரிமையாளர் கையேட்டில் உள்ள எண்ணுடன் ஒப்பிட வேண்டும்.

வண்டி கிளம்பாதபோது கருவிப் பெட்டியைத் திறக்குமுன் நிறுத்தும் சுவிட்சையும், கியர் நியூட்ரலில் உள்ளதா என்பதையும் பார்ப்பது நல்லது. பழுது என்று எண்ணப்படுவது சில சமயம் அங்கேயே தீர்ந்துவிடும். அதற்கடுத்துப் பேட்டரி முனைகளில் படிந்த துரு, பல மாதம் தேங்கிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்த பெட்ரோல், கரி படிந்த ஸ்பார்க் பிளக் ஆகியவற்றைப் பார்க்கலாம். புழுதியில் ஓடும் வண்டிக்குக் காற்று வடிகட்டியைத் தூய்மை செய்வது எஞ்சின் ஆயிலை மாற்றுவதற்கு இணையாக முக்கியமானது. ரேடியேட்டரில் சேறு அப்பி எஞ்சின் கொதித்தால், அது ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. ஆழமான நீரைக் கடந்தபின் எஞ்சின் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள். அந்நிலையில் எஞ்சினை இயக்குவது பழுதைப் பலமடங்காக்கும். புகைக்குழாயைச் சுற்றிச் சிக்கிய காய்ந்த புல் தீப்பற்றக்கூடியது. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால் நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கக்கூடும்.

இவ்வேலைகளைத் தாமே செய்தால் உத்தரவாதம் பறிபோகும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. அதைக் களைய விற்பனையாளர்கள் அவ்வளவு முனைவதில்லை. 1975ஆம் ஆண்டின் மாக்னசன் மாஸ் உத்தரவாதச் சட்டப்படி, குறிப்பிட்ட நிறுவனத்தின் உதிரிபாகத்தையோ சேவையையோ இலவசமாகத் தராமல், அதைப் பயன்படுத்தினால்தான் உத்தரவாதம் என்று உற்பத்தியாளர் பொதுவாக நிபந்தனை விதிக்க முடியாது; மாற்று உதிரிபாகத்தாலோ தவறான பராமரிப்பாலோ விளைந்த பழுதுக்கு மட்டுமே அவர் பொறுப்பை மறுக்கலாம். எனவே தேதி, ஓடிய மணிநேரம், செய்த வேலை, வாங்கிய பொருளின் ரசீது ஆகியவற்றைக் கொண்ட பராமரிப்பேடு, தகராறு எழும்போது உரிமையாளரின் சான்றாகிறது.

குறை உற்பத்தியிலேயே இருக்குமானால் நிலைமை வேறு. ஆபத்தான குறை பற்றித் தெரியவந்தால் உற்பத்தியாளர் அதை ஆணையத்துக்கு உடனடியாகத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தீப்பற்றும் குறையுள்ள தம் வண்டிகளைப் பற்றி உரிய காலத்தில் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டைத் தீர்க்க, போலாரிஸ் நிறுவனம் 2018இல் 2.725 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. திரும்பப்பெறும் அறிவிப்பு வெளியானால் அதில் குறிப்பிடப்படும் தீர்வு, பெரும்பாலும் பழுதுநீக்கம், இலவசமாகவே வழங்கப்படுகிறது. பழைய வண்டியை வாங்குபவர் அதன் சட்டகத்தில் பொறிக்கப்பட்ட அடையாள எண்ணைக் கொண்டு அத்தகைய அறிவிப்பு உண்டா என்பதை முன்னரே சரிபார்க்கலாம். அறிவிப்பு வராத குறையை ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் புகாராகப் பதியலாம். அதற்குமுன் உடைந்த பாகத்தைப் படமெடுத்து, கழற்றியபின் தம்மிடமே வைத்திருக்க வேண்டும். பணிமனையில் விட்டுவந்த பாகம் குப்பைக்குப் போனபின் குறையை நிறுவுவது கடினம்.